துவம்சப் பருவம்

செருப்பு என்பது இரட்டைப் பிறவி. ஒன்று போனால் மற்றதற்கு வாழ்வு கிடையாது. இந்தத் தத்துவம் நாய்க்குட்டிகளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ! வாசலில் ஐந்து ஜோடி செருப்பு இருந்தால், ஒரே ஜோடியைத் தின்று தீர்த்துவிட்டு மற்ற நாலையும் விட்டுவைப்போம் என்கிற தாட்சண்யம் அவற்றுக்கு இல்லை. ஐந்திலிருந்தும் ஒவ்வொன்று! அதிலும் புதுச் செருப்பாகப் பார்த்து! வீட்டில் குட்டி வளர்க்கிற சகோதரிகள் இதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். "செருப்போடு நின்றால் பரவாயில்லையே!" என்று பெருமூச்சும் விடுவார்கள்.

சில வாரங்களாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் குட்டிகளின் பிரதாபந்தான் அதிகம். ஊறுகாயில் பூசணம், பட்டுப் புடவையில் எண்ணெய்க் கறை என்கிற வழக்கமான புகார்கள் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. பெரும்பாலான கடிதங்கள் சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்டவை. மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த ஒரு கடிதம் மட்டும் சிரிப்பு மூட்டவில்லை. நாலு மாதத்துக் குட்டி. குழந்தைகள் அடம் பிடித்ததால் அப்பா பிறந்த நாள் பரிசாக வாங்கிக்கொண்டு வந்தது. வந்த ஆறு வாரத்தில் சோபாவின் ஒரு கை, மாமியாரின் மூக்குக்கண்ணாடிக் கூடு, இரண்டு சார்ஜர் ஒயர், கொல்லையில் நாலு வருஷமாகப் பூத்துக்கொண்டிருந்த மல்லிகை எல்லாம் போயிற்று. "இந்த மாதக் கடைசிக்குள் திருந்தாவிட்டால், காரில் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறேன் என்கிறார். குழந்தைகளிடம் காணாமல் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாமாம். இதற்கு எப்பொழுதுதான் புத்தி வரும்? எனக்கு நாள் கணக்குத் தெரிந்தாக வேண்டும்" என்று அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார்.

நாள் கணக்கே சொல்லிவிடலாம். அது குட்டியின் வாய்க்குள்ளேயே எழுதியிருக்கிறது.

நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. வளர்ந்த நாய்க்கு 42. பிறந்த மூன்றாவது வாரத்தில் பால் பல் முளைக்க ஆரம்பிக்கிறது. மூன்றரை, நாலு மாதம் ஆகும்போது முன்பற்கள் விழத் தொடங்குகின்றன. ஏழு மாதம் ஆவதற்குள் 42 பற்களும் வந்துவிட வேண்டும். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இருப்பது இருபதே பால் பற்கள். அவை விழுந்து முளைக்க ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஆகிறது. குழந்தைக்கு ஆறு வருஷத்தில் நடக்கிற காரியம் இந்தப் பிராணிக்கு மூன்று மாதத்தில் நடக்கிறதென்றால் ஈறு எப்படித் தினவெடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சோபாவின் கை அகப்பட்டால் சோபாவின் கை. மாமியாரின் கண்ணாடிக் கூடு அகப்பட்டால் அது. மாமியாரிடம் அதற்குத் தனி விரோதம் ஒன்றும் இல்லை.

பல் முளைத்து முடிந்த மறுநாளே குட்டி சாதுவாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நமக்குக் கை எப்படியோ, நாய்க்கு வாய் அப்படி. புதிதாக ஒரு சாமான் கண்ணில் பட்டால் நாம் தொட்டுப் பார்க்கிறோம். அது கடித்துப் பார்க்கிறது. இந்த ஆராய்ச்சி ஒரு வயது வரை நடக்கும். லாப்ரடார் போன்ற பெரிய ஜாதிகளில் ஒன்றரை, இரண்டு வயது வரை கூட நீளும். ஆனால் உச்சக் கட்டம் என்பது நாலாவது மாதத்திலிருந்து ஏழாவது மாதம் வரைதான். மாம்பலத்துக் குட்டி இப்பொழுது அந்த உச்சக் கட்டத்தின் வாசற்படியில் நிற்கிறது. அதற்கு மாதக் கடைசிக்குள் கெடு வைப்பது, மூன்றாம் வகுப்புப் பையனை எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் உட்கார்த்திவைத்துவிட்டு, பெயிலாகிவிட்டான் என்று வீட்டை விட்டுத் துரத்துகிற மாதிரி.

சரி, அந்த மூன்று மாதத்தை எப்படித் தள்ளுவது?

முதலில் கடிப்பதற்கென்று ஏதாவது கொடுத்தாக வேண்டும். இங்கேதான் பல வீடுகளில் ஒரு விபரீதம் நடக்கிறது. "பழைய செருப்புத்தானே, கடித்துவிட்டுப் போகட்டும்" என்று ஒரு பிய்ந்த செருப்பைத் தூக்கிப் போடுகிறார்கள். செருப்பில் பழசு, புதுசு என்பது நம்முடைய கணக்கு. குட்டிக்குத் தெரிவதெல்லாம் தோல், வியர்வை, எஜமானியின் வாசனை. பழைய செருப்பைக் கடித்தால் சபாஷ், புதுச் செருப்பைக் கடித்தால் உதை என்றால் அது என்ன நியாயத்தைக் கற்றுக்கொள்ளும்? பழைய கால் உறை, கிழிந்த புடவைத் துண்டு, குழந்தையின் உடைந்த பொம்மை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நம்முடைய சாமான் மாதிரி இருக்கிற எதையும் அதன் வாயில் வைக்காதீர்கள்.

அதற்குப் பதிலாக, கெட்டியான பருத்தித் துண்டு ஒன்றை முறுக்கி, இரண்டு மூன்று முடிச்சுப் போட்டு, தண்ணீரில் நனைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுங்கள். வீட்டில் வேறெங்கும் புழங்காத துண்டாக இருக்கட்டும். குளிர்ச்சி ஈறுக்கு எவ்வளவு இதம் என்பது பல்வலி கண்டவர்களுக்குத் தெரியும். நூல் பிரிய ஆரம்பித்ததும் வாங்கிவிட வேண்டும். பெரிய காரட் ஒன்றை முழுசாகக் கொடுக்கலாம். பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது கொடுப்பது நல்லது. கடையில் ரப்பர் சாமான் வாங்குவதானால் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியாவிட்டால் பல்லுக்கு ஆகாது. வாய்க்குள் முழுதாகப் போகிற அளவில் எதுவும் வேண்டாம். வேகவைத்த கோழி எலும்பும் வேண்டாம். அது ஊசி ஊசியாகப் பிளந்து தொண்டையையும் குடலையும் பதம் பார்க்கும். தேங்காய்க் கொட்டாங்குச்சியும் அப்படித்தான். உடைந்த சில்லுக்கு ஓரம் கூர்மை.

இரண்டாவது உபாயத்துக்குச் செலவே இல்லை. எட்டாத பொருளைக் குட்டியால் கடிக்க முடியாது! இதைச் சொல்ல ஒரு பத்திரிகை வேண்டுமா என்று கேட்காதீர்கள். தவழுகிற குழந்தை வீட்டில் இருந்தபோது நாம் என்ன செய்தோம்? பேனா, கத்தி, மருந்துப் புட்டி எல்லாவற்றையும் மேலே ஏற்றினோம். "விஷமக்காரப் பயல்" என்று ஊருக்கு வெளியே கொண்டு விடவில்லை. அதே ஏற்பாடுதான் இப்பொழுதும். செருப்புக்குக் கதவு வைத்த அலமாரி. குப்பைக் கூடைக்கு மூடி. தரையோடு ஓடுகிற மின்சார ஒயர்களைச் சுவரோடு ஏற்றிக் கட்டுவது அல்லது பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைப்பது. ஒயர் விஷயம் மட்டும் அதே நாளில் முடியவேண்டிய வேலை. சோபா போனால் வேறு சோபா வாங்கலாம்.

இத்தனையும் செய்ய வீடு பெரிதாக இருக்கிறதே என்றால், குட்டிக்கு வீட்டைச் சிறிதாக்கிவிடுங்கள். வெளிச்சமும் காற்றும் உள்ள ஓர் இடத்தில், நிலைப்படியில் குழந்தைகளுக்காக விற்கிற தடுப்புக் கதவு ஒன்றை மாட்டினால் போதும். அதன் படுக்கை, தண்ணீர், கடிக்கிற துண்டு எல்லாம் அங்கே. யாராவது ஒருவர் கண் வைத்திருக்க முடிகிறபோது வெளியே விடுவது, முடியாதபோது உள்ளே. சங்கிலி போட்டு நாள் முழுதும் கட்டிவைப்பது வேறு, இது வேறு. கட்டிவைத்த குட்டி குரைப்பையும் கோபத்தையுந்தான் கற்றுக்கொள்கிறது.

புடவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாழ்வான கொடியில் காற்றில் அசைகிற புடவையைக் கண்டால் எந்தக் குட்டிக்கும் பொறுக்காது. அசைகிற பொருளைத் துரத்துவது அதன் இரத்தத்தில் ஊறிய சமாசாரம். நாம் கட்டிக்கொண்டிருக்கிற புடவையின் தலைப்புக்கும், நைட்டியின் ஓரத்துக்கும் அதே ஆபத்து உண்டு. பல்லில் மாட்டியதும் நாம் "ஐயையோ!" என்று அலறிக்கொண்டு ஓடுகிறோம். குட்டியின் அபிப்பிராயத்தில் இதைவிட உயர்ந்த விளையாட்டு உலகத்தில் இல்லை. ஓடாதீர்கள். மரம் மாதிரி நின்றுவிடுங்கள். பேசவும் வேண்டாம். அரை நிமிஷத்தில் அதற்குச் சலித்துவிடும். விட்டதும் அதன் துண்டை எடுத்து நீட்டுங்கள்; கடித்ததும் ஒரு தட்டிக் கொடுப்பு.

வாயில் எதையாவது கவ்விக்கொண்டு போனாலும் இதே சூத்திரம். துரத்தினால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நெருக்கினால் விழுங்கியும் வைக்கும். காலுறை விழுங்கிய குட்டிக்கு வயிற்றைக் கீறி எடுக்கிற நிலைமை வரலாம். அதைவிட, ஒரு பிஸ்கட் துண்டையோ சிறிது வேகவைத்த முட்டையையோ காட்டிப் பண்டமாற்று வியாபாரம் செய்வது மலிவு. "கொடு" என்று சொல்லி வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தின்பண்டம். பத்து நாள் இதைப் பழக்கினால் மூக்குக்கண்ணாடி கூட முழுசாகத் திரும்பி வரும்.

இனி, அடி உதை விஷயம்.

ஆபீஸிலிருந்து வருகிறீர்கள். தலையணைப் பஞ்சு கூடமெல்லாம் பறக்கிறது. குட்டி காதை மடக்கிக்கொண்டு, வாலைக் கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்க்கிறது. "பார், திருட்டு முழி! செய்தது தப்பென்று அதற்கே தெரிகிறது" என்று சொல்லி நாலு வைக்கிறோம். அதற்குத் தெரியவே தெரியாது. 2009-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற பெண்மணி இதைச் சோதித்து எழுதினார். பதினான்கு நாய்கள். ஒரு தின்பண்டத்தை வைத்து, "தொடாதே" என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போவார். திரும்பி வந்ததும் சில சமயம் நாய் தின்றுவிட்டதென்றும், சில சமயம் தின்னவில்லையென்றும் அவரிடம் சொல்லப்படும். அப்படிச் சொன்னது எப்பொழுதும் நிஜமாக இருக்காது! முடிவு என்ன தெரியுமா? தின்ற நாய், தின்னாத நாய் என்ற வித்தியாசத்தால் அந்தத் திருட்டு முழி வரவில்லை. எஜமானர் திட்டினாரா, இல்லையா என்பதைப் பொறுத்தே வந்தது. ஒரு பாவமும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களுக்குத்தான் முழி இன்னும் பலமாக இருந்தது.

ஆக, நாம் குற்ற உணர்ச்சி என்று நினைப்பது பயம். நம் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறது. மத்தியானம் கிழித்த தலையணைக்கும் சாயங்காலம் விழுகிற அடிக்கும் முடிச்சுப் போடுகிற சக்தி அந்த மூளைக்குக் கிடையாது. "அம்மா வந்தால் அடி விழும்" என்பதை மட்டும் அது கற்றுக்கொள்கிறது. மூத்திரம் பெய்த இடத்தில் மூக்கைத் தேய்க்கிற பழைய வைத்தியமும் இந்த ஜாதிதான். அப்படித் தேய்க்கப்பட்ட குட்டி, மூத்திரம் பெய்வதைத் தப்பென்று நினைப்பதில்லை. நம் எதிரில் பெய்வதைத்தான் தப்பென்று நினைக்கிறது. பிறகு பீரோவுக்குப் பின்னால் போய்க் காரியத்தை முடிக்கும். நாம் மூன்று நாள் வாசனையைத் தேடிக்கொண்டிருப்போம்.

அந்த விஷயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மாதத்துக்கு ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக் குட்டி ஏறக்குறைய இரண்டு மணி நேரம், மூன்று மாதத்துக் குட்டி மூன்று மணி நேரம் அடக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கட்டாயம் வெளியே கொண்டு போக வேண்டும். போன இடத்தில் காரியம் முடிந்த அந்தக் கணமே பாராட்டவேண்டும்; உள்ளே வந்தபின் பாராட்டினால், உள்ளே வந்ததற்குப் பாராட்டு என்று நினைத்துக்கொள்ளும். மாடிக் குடித்தனக்காரர்கள் பால்கனியில் ஒரு மூலையில் பழைய தாளைப் பரப்பிப் பழக்கலாம். தினசரித் தாள் போதும். நம் பத்திரிகையைப் போட்டுவிடாதீர்கள். தொடர்கதை பாதியில் நிற்கிறது! உள்ளே அசுத்தம் செய்துவிட்டால் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து வாசனையைப் போக்குங்கள். பினாயில் வேண்டாம். அது குட்டியின் பாதத்தில் ஒட்டும். பாதத்தை அது நக்கும். பினாயில் அதற்கு விஷம்.

கொல்லைக்கு வருவோம். மல்லிகையைத் தோண்டுவது ஏன்? பல காரணம் உண்டு. நம்முடைய வெயிலில் மேல் மண் கொதிக்கிறது. அரை அடி தோண்டினால் குளிர்ச்சி. வயிற்றை அதில் வைத்துப் படுத்தால் சொர்க்கம். இதற்கு நிழலும் தண்ணீருமே பரிகாரம். தனியாக விடப்பட்ட குட்டி பொழுது போகாமலும் தோண்டும். மூன்றாவது காரணத்துக்கு நாமே காரணம்: உரம். எலும்புத் தூளைச் செடியடியில் போட்டு மூடினால், "இங்கே எலும்பு புதைத்திருக்கிறது" என்று பலகை எழுதி வைத்தது போலத்தான். புண்ணாக்கின் வாசனையும் அப்படியே. இதில் ஆமணக்குப் புண்ணாக்கு மகா பொல்லாதது. செடிக்கு அமிர்தம், நாய்க்கு யமன். குட்டி இருக்கிற வீட்டில் அந்த மூட்டையே வேண்டாம்.

தோண்டுகிற ஆசையைத் தடுக்க முடியாது, இடம் மாற்றிவிடலாம். நிழலான மூலையில் ஒரு கோணி மணலைக் கொட்டி, அதற்குள் அதன் விளையாட்டுச் சாமானைப் புதைத்து வையுங்கள். முதல் நாள் நீங்களே அதன் எதிரில் கொஞ்சம் தோண்டிக் காட்டினால் இன்னும் விசேஷம். (அக்கம் பக்கத்தார் பார்த்தால் பார்க்கட்டும்.) பிரியமான செடிகளைச் சுற்றிக் கோழி வலையை மண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே படுக்கவைத்து மூடிவிடலாம். நகத்தில் கம்பி தட்டுப்பட்டால் குட்டி வேறிடம் பார்க்கும். வலையின் வெட்டு முனைகளைக் கீழ்ப்புறமாக மடக்கிவிடுங்கள். மாம்பலத்துச் சகோதரியின் மல்லிகைக்கு வேர் முழுதும் அறுந்திராவிட்டால், கிளைகளைக் கழித்து மறுபடி நட்டு நிழலில் வைத்தால் துளிர்க்க இடமுண்டு.

தோட்டத்தில் வேறு பயங்களும் இருக்கின்றன. அரளி, ஊமத்தை, வாசலில் அழகுக்கு வைக்கிற சைகஸ் எல்லாம் குட்டியின் உயிருக்கே ஆபத்தானவை. சைகஸின் விதை ஈரலைக் கெடுத்துவிடும். வீட்டுக்குள் எலி மருந்து, அந்துருண்டை, நாம் தலைவலிக்குப் போட்டுக்கொள்கிற மாத்திரை, சாக்லேட், வெங்காயம், பாயசத்தில் போடுகிற உலர்ந்த திராட்சை ஆகியவை குட்டிக்கு எட்டக்கூடாது. இவற்றில் எதையாவது தின்றுவிட்டதென்று தெரிந்தால், வாந்தி எடுக்குமா என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். சென்னையில் வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. தின்ற சாமானின் உறை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

தூக்கத்தைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் தூங்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பேய் பிடித்த மாதிரி கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, கையையும் காலையும் கடிக்கிறதே, அது பெரும்பாலும் தூக்கம் போதாத குழந்தையின் முரண்டுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தைகள் ஆளுக்கு ஆள் எழுப்பி விளையாடினால் குட்டி என்ன செய்யும்? தடுப்புக் கதவுக்கு உள்ளே விட்டு, விளக்கைத் தணித்துவிட்டால் பத்து நிமிஷத்தில் குறட்டை கேட்கும்.

தனிமையும் ஒரு பாடம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்லித்தர வேண்டும். தாயையும் கூடப் பிறந்த குட்டிகளையும் விட்டு வந்த பிராணியை முதல் வாரத்திலேயே எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால் கதவைப் பிறாண்டாமல் வேறு என்ன செய்யும்? முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து, பிறகு அரை மணி. போகும்போதும் வரும்போதும் ஆர்ப்பாட்டம் வேண்டாம். வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், நடுப்பகலில் ஒருமுறை வந்து பார்க்க யாராவது இருக்கிறார்களா என்று யோசித்த பிறகே குட்டி வாங்க வேண்டும்.

விளையாட்டாகக் கையைக் கடிப்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "குட்டிதானே, பால் பல்தானே" என்று அலட்சியம் செய்கிறவர்கள் நிறைய. வெறிநோய் குட்டிகளுக்கும் வரும்; அவற்றின் எச்சில் மூலம் நமக்கும் வரும். நோய் வெளிப்பட்டுவிட்டால் அப்புறம் பிழைப்பது அரிது. பல் பட்டு இரத்தம் கசிந்தால், சிறு கீறலானாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஊசி இலவசம். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பிப்பொடி எதையும் காயத்தில் அப்பாதீர்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி தொடங்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் ஆனதும். பிறகு மருத்துவர் குறிக்கிற தேதிகளில் தவறாமல். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமமும் வேண்டும். அதற்கு இந்த ஊசிச் சான்றைக் கேட்பார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "இத்தனைக்கும் நேரம் யாருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் பார்த்த வரையில், குட்டி வேண்டுமென்று கேட்பது குழந்தைகள், வாங்கி வருவது ஐயா, துடைப்பது அம்மா. மாம்பலத்துக் கடிதத்திலும் குட்டியின் மேல் கோபத்தைவிட இந்த அலுப்புத்தான் எனக்கு அதிகமாகத் தெரிந்தது. குட்டியைத் திருத்துவதற்கு முன்னால் வீட்டுக்காரர்களைத் திருத்த வேண்டியிருக்கிறது! ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். காலை ஆறு மணிக்கு வெளியே அழைத்துப் போவது ஐயா. பள்ளியிலிருந்து வந்ததும் மணல் குழியில் சாமான் புதைப்பது பையன். சாயங்காலம் "உட்கார்", "கொடு" என்று பத்து நிமிஷம் பாடம் நடத்துவது பெண். இரவு கடைசி நடை மறுபடியும் ஐயா. செருப்பை அலமாரியில் வைக்காதவருக்குச் செருப்புப் போனால் புகார் செய்யும் உரிமை கிடையாது. மாமியார் தட்டிலிருந்து தோசைத் துண்டு போடுவதை மட்டும் எந்தச் சட்டத்தாலும் நிறுத்த முடியாது. அதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, காரில் ஏற்றிக்கொண்டு போய் விடுகிற விஷயம். இது ஏதோ ஒரு வீட்டின் கோபப் பேச்சு மட்டுமல்ல. கழுத்துப்பட்டையின் தடம் மாறாத நாய்கள் கடற்கரையிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் திகைத்து நிற்பதைப் பார்க்கிறோம். பெரும்பாலும் ஆறு மாதம், எட்டு மாதம் வயதானவை. இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் அடங்கிப்போயிருக்கும் வயது. வீட்டில் வளர்ந்த நாய்க்குக் குப்பைத் தொட்டியில் சோறு தேடத் தெரியாது; லாரிக்கு ஒதுங்கத் தெரியாது. அந்தந்தத் தெரு நாய்கள் புதிதாக வந்ததை எல்லைக்குள் சேர்க்காது. இறக்கிவிட்ட இடத்திலேயே, கார் திரும்பி வருமென்று நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஊருக்கு வெளியே "விடுவது" என்பது மெதுவாகக் கொல்வதற்கு நாம் வைத்திருக்கிற மரியாதையான பெயர்.

அது சட்டப்படியும் குற்றம். 1952-ல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் பிராணிகளுக்காக ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குறுதி தந்த பின்பு அதை விலக்கிக்கொண்டார். அதன் பலனாக 1960-ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவது அந்தச் சட்டத்தில் குற்றம். ஓயாமல் கட்டிவைத்திருக்கிற நாயை நடக்கவிடாமல் இருப்பதும் குற்றம். முதல் தடவைக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மேற்படாமல் அபராதம் என்று எழுதினார்கள். இன்றைக்கு அந்தத் தொகைக்குச் செருப்பின் வார் கூட வராது. சட்டத்துக்குப் பயந்து யாரும் நாயைக் காப்பாற்றப் போவதில்லை என்பது வாஸ்தவம். அதே சென்னையில், மழைத் தண்ணீரில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்து வீட்டில் வைத்துக்கொண்ட கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கியதுதான் ப்ளூ கிராஸ் என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

குழந்தைகளிடம் "காணாமல் போய்விட்டது" என்று சொல்வதாக உத்தேசமாம். குழந்தைகள் தெருத் தெருவாகத் தேடுவார்கள். என்றாவது ஒரு நாள் உண்மையையும் கண்டுபிடிப்பார்கள்.

மூன்று மாதம் முயன்று பார்த்த பிறகும் முடியவில்லை, வீட்டில் நோயாளி, ஊர் மாற்றல், குழந்தைக்கு ஒவ்வாமை என்று உண்மையான காரணம் இருந்தால், வெளிப்படையாக வேறு வீடு தேடுங்கள். தோட்டமும் நேரமும் உள்ள உறவினர்களைக் கேளுங்கள்; ஊசி போடுகிற மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்; அவருக்குப் பல வீடுகள் தெரியும். வாங்கிப் போகிறவர்களிடம் குட்டியின் விஷமங்களை ஒளிக்காதீர்கள். ஒளித்தால் அடுத்த மாதம் அவர்களும் காரை எடுத்துவிடுவார்கள். கொடுக்கும்போது தடுப்பூசி அட்டை, சாப்பாட்டு நேரங்களை எழுதிய ஒரு தாள், அது படுத்துத் தூங்குகிற துணி மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். துணியைத் துவைக்க வேண்டாம். முதல் சில இரவுகளுக்கு அந்த வாசனை அதற்கு வேண்டியிருக்கும்.